ஃப்ளோட் ட்யூபில் ராடு ஹோல்டர், ஃபிஷ் ஃபைண்டர், நங்கூரம்: துளை போடாமல் வீட்டிலேயே செய்து மாட்டும் முறை

கேள்வி இதுதான்: யு வடிவ ஃப்ளோட் ட்யூப் ஒன்று, அதாவது காற்றடித்து, உள்ளே உட்கார்ந்தபடி மீன்பிடிக்கும் ஒருவர் மிதவை, இருக்கிறது. நைலான் வெளியுறை, உள்ளே இரண்டு காற்றுப்பை, பக்கத்துக்கு இரண்டு டி வளையம். இதில் ராடு ஹோல்டர் (தூண்டில் கம்பைத் தாங்குவது), சின்ன ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணீருக்குள் இருக்கும் மீனை ஒலியால் அறிந்து திரையில் காட்டும் கருவி), நங்கூரம், சில்லறைக் கருவிகள் வைக்க இடம் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து மாட்ட வேண்டும். எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும்?

எல்லாமே செய்யலாம். ஒன்றுக்குக்கூட ட்யூபில் துளை போடவோ, தைக்கவோ தேவையில்லை. பட்டை, பலகை, பிவிசி பைப் மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஆனால் பைப்பை வெட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஃப்ளோட் ட்யூபில் இருப்பவர் இடுப்புவரை இருக்கையில் புதைந்து, காலில் ஃபின் (நீந்த உதவும் துடுப்புக் காலணி) மாட்டி, முன்னால் குறுக்குப் பட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவசரம் என்றால் முன்பக்கமாக நழுவி இறங்குவது ஒன்றுதான் வழி. எனவே மடிக்கு முன்னால் இருக்கும் எதுவும் ஒரு கையால், ஒரே இழுப்பில் கழல வேண்டும். கயிறு எதுவும் முழங்காலுக்குக் கீழே தொங்கக் கூடாது. கத்தி ட்யூபில் இருக்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டில், இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துவராத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கரையிலேயே இருக்கட்டும்.

பட்டை ஏன் தளர்கிறது

முதல்முறை செய்பவர்கள் எல்லாரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. கரையில் கல் மாதிரி இறுக்கிக் கட்டிய ராடு ஹோல்டர், தண்ணீரில் இறங்கி அரைமணி நேரத்தில் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது. பட்டையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் காற்று.

உறையும் பையும் உள்ள ட்யூப்களுக்குச் சொல்லப்படும் அழுத்தம் மிகவும் குறைவு. பொதுவாக 1 முதல் 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). உங்கள் ட்யூபில் வால்வு அருகே அச்சிட்டிருக்கும் எண்தான் கணக்கு. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வெப்பநிலை விளையாடும் விளையாட்டு பெரியது. வெயிலில் 45 டிகிரி சூடேறிய ட்யூபில் 1.5 பிஎஸ்ஐ அடித்துவிட்டு 22 டிகிரி தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து அழுத்தம் சுமார் 0.3 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும். மேல்பாதி வெயிலிலேயே இருப்பதாலும் பையே கொஞ்சம் சுருங்குவதாலும் நடைமுறையில் இவ்வளவு இறங்காது. ஆனாலும் பட்டை தளர அது போதும். எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான்: 25 டிகிரி நிழலில் 1.5 அடித்த ட்யூபைக் கரையேற்றி வெயிலில் போட்டு, உள்காற்று 50 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 2.9 அருகே, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. மேலே இறுகக் கட்டிய பட்டை இருந்தால், விரிய இடமில்லாத அந்த இடத்துத் தையலுக்குத்தான் சோதனை.

ஆகவே வழக்கம் இப்படி இருக்கட்டும். முக்கால் அளவு காற்றடித்து, பட்டைகளைக் கையிறுக்கமாக மாட்டி, தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மீதிக் காற்றை அடியுங்கள். பட்டை தானே இறுகிக்கொள்ளும். கரையேறியதும் முதல் வேலை வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விடுவது.

பட்டை 25 மி.மீ. அகலம், பாலியெஸ்டர் நெய்தது. நைலான் நனைந்தால் நீளும். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் நாளடைவில் நொறுங்கும். 30 செ.மீ. விட்டமுள்ள ட்யூபைச் சுற்ற 94 செ.மீ. தேவை, பக்கிளுக்கும் வாலுக்கும் சேர்த்து 120 செ.மீ. வெட்டுங்கள். வெட்டிய நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டு, ஆறியபின் விரலால் தடவிப் பாருங்கள். உருகிய நுனி சில சமயம் கண்ணாடிச் சில்லு போலக் கூராக நிற்கும். உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போதும். பக்கிளாகப் பல் உள்ள கேம் பக்கிள் (கையால் இழுத்தால் பற்கள் பட்டையைக் கடித்துப் பிடிக்கும் வகை) நல்லது. நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் வேண்டாம். அது தரும் இறுக்கம் லாரிக்கு. இந்தத் துணிக்கு அல்ல.

அடிப்பலகை

இது சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் இதன்மேல் ஏறிக்கொள்ளும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகைதான் மூலப்பொருள். 8 அல்லது 10 மி.மீ. தடிமன், 15 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம். அது பெரும்பாலும் ஹெச்டிபிஇ எனும் அடர்த்தியான பாலித்தீன். தண்ணீர் குடிக்காது, எளிதில் விரிசல் விடாது, ரம்பத்துக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். ஒரே குறை: அதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. ஒட்டியது போலத் தோன்றும், பிறகு தோல் உரிவது போல உரிந்து வரும். ஆகவே இதில் எல்லாமே போல்ட், பட்டை, கேபிள் டை.

நான்கு மூலைகளையும் 2 செ.மீ. ஆரத்துக்கு உருட்டி வெட்டுங்கள். பலகையின் நீளம் ட்யூபின் நீளத்தோடு ஓட வேண்டும். நீள விளிம்புகள் இரண்டிலும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, 28 மி.மீ. நீளம் 5 மி.மீ. அகலத்தில் பட்டை நுழையும் வெட்டுகள், ஆக நான்கு. இரண்டு பக்கமும் துளையிட்டு நடுவை ரம்ப இழையால் அறுத்தால் வெட்டு தயார். 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை தேய்த்து, விளிம்பின்மேல் ஒரு நைலான் துணியை இழுத்துப் பாருங்கள். துணி எங்கேயாவது சிக்கினால் ட்யூபும் அங்கேதான் கிழியும்.

தட்டைப் பலகை உருண்டை ட்யூபின்மேல் நிற்காது, ஊஞ்சலாடும். பலகையின் அடியில் 10 மி.மீ. இவிஏ ஃபோமில் 3 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டை, நீளவாட்டில், 9 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். தண்டவாளம் மாதிரி. ட்யூபின் முதுகு அந்த இடைவெளியில் உட்கார்ந்து பலகை அசையாமல் நிற்கும். பசை பிடிக்காது என்பதால் ஃபோமைக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். டையின் தலை மேல்பக்கம் இருக்கட்டும். பழைய யோகா பாயை வெட்டியும் ஃபோமுக்குப் பயன்படுத்தலாம், மூடிய செல் (தண்ணீர் உறிஞ்சாத) வகையாக இருந்தால். சந்தேகம் என்றால் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழியுங்கள்: குமிழி வந்தால் அது பஞ்சு, நாள் முழுக்க ஈரம் சுமக்கும், மணலையும் பிடித்து வைத்து உறையைத் தேய்க்கும்.

போல்ட் எல்லாம் 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ், நைலான் வளையம் உள்ள லாக் நட்டோடு. தலை கீழே, நட்டு மேலே. தலையைப் பலகைக்குள் புதையும்படி துளையை அகலப்படுத்துங்கள். இதைத் தலைகீழாக மாட்டுபவர்கள் நிறையப் பேர். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும். கீழே மரை முனை காற்றுப்பையை நோக்கி நிற்கும். யாராவது பலகைமேல் கையூன்றி எழுந்தால் அவ்வளவுதான்.

ராடு ஹோல்டர்

ஃப்ளோட் ட்யூபில் நாம் பின்னோக்கித்தான் நகர்கிறோம். ஃபின்னை உதைத்தால் முதுகு முன்னே போகும், லைன் (தூண்டில் நரம்பு) முகத்துக்கு எதிரே நீளும். படகில் பார்த்ததை அப்படியே நகலெடுத்து ஹோல்டரைப் பின்புறம் சாய்த்து வைத்தால், ட்ரோல் செய்யும்போது, அதாவது நகர்ந்தபடி இரையை இழுத்துப் போகும்போது, லைன் தலைக்கு மேலாக வளைந்து வரும். எனவே இரண்டு விதமான ஹோல்டர் தேவை. லைன் தண்ணீரில் இருக்கும்போது வைக்கும் ஹோல்டர், நுனி முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் சாய்ந்திருக்க வேண்டும். சும்மா இருக்கும் இரண்டாவது ராடுக்கான ஹோல்டர், முதுகுக்குப் பின்னால், கிட்டத்தட்ட நேராக, 15 முதல் 20 டிகிரி பின்சாய்வில். அதுவும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம். வலது கையால் வீசுபவருக்கு வலப்பக்கம் நிற்கும் ராடு, ஒவ்வொரு வீச்சிலும் லைனைப் பிடிக்கக் காத்திருக்கும் கம்பம்.

முன் ஹோல்டருக்கு வேண்டியவை: உள்விட்டம் 38 முதல் 40 மி.மீ. உள்ள பிவிசி பைப்பில் 25 செ.மீ. ஒன்று, 15 செ.மீ. ஒன்று, அதே அளவில் ஒரு 45 டிகிரி எல்போ, இரண்டு பைப் கிளாம்ப், 5 மி.மீ. போல்ட் ஒன்று. ராடின் பிடி பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. தடிமன் என்பதால் இந்த உள்விட்டம் பொருந்தும். உங்கள் ராடின் அடிநுனி ரப்பரை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட அதுதான் தடித்த இடம்.

சின்னத் துண்டைப் பலகையின்மேல் ட்யூபின் நீளவாட்டில் படுக்கவைத்து இரண்டு கிளாம்பால் பிடியுங்கள். முன்நுனியில் எல்போ, எல்போவில் நீளத்துண்டு. இரண்டு மூட்டையும் பிவிசி சொலுஷன் போட்டு ஒட்டிவிடலாம். கோணத்தை மாற்ற, கிளாம்பைத் தளர்த்திப் படுத்திருக்கும் பைப்பை உருட்டினால் போதும். எல்போ நேர் மேல்நோக்கி இருந்தால் ராடு 45 டிகிரியில் நிற்கும். அதை 45 டிகிரி வெளிப்பக்கம் உருட்டினால் ராடு தண்ணீருக்கு 30 டிகிரி உயரத்திலும் சுமார் 35 டிகிரி வெளிச்சாய்விலும் வந்து நிற்கும். ட்ரோலுக்கு இதுவே சரியான இடம். கோணம் பிடித்துப்போனதும் கிளாம்பை முழுக்க இறுக்குங்கள்.

பைப்பின் வாயில் ரீல் கால் (ரீலை ராடோடு இணைக்கும் தண்டு) உட்கார ஒரு வெட்டு வேண்டும்: 20 மி.மீ. அகலம், 60 மி.மீ. ஆழம். இது இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது ராடு ஹோல்டருக்குள் சுழலும், ரீல் பக்கவாட்டில் தொங்கும். வெட்டின் அடியை வட்டமாக முடியுங்கள், சதுர மூலையில் விரிசல் தொடங்கும். வாயை விரிக்க ஹீட் கன்னால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, பைப் தொய்யத் தொடங்கியதும் ஒரு கண்ணாடிப் பாட்டிலின் தோளில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். பிவிசி 80 டிகிரியைத் தாண்டியதும் இளகும். பழுப்பாவதும் காரநெடி வருவதும் கருகுவதற்கு அடையாளம். அந்தப் புகை நுரையீரலை அரிக்கும், திறந்த வெளியில்தான் இந்த வேலை. ராடு கீழே போய் எல்போவில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, எல்போவுக்குச் சற்று மேலே 5 மி.மீ. போல்ட்டைக் குறுக்கே செருகுங்கள். பைப்பின் இரு முனையும் திறந்தே இருப்பதால் தண்ணீர் தேங்காது.

இனி விசை. 2 மீட்டர் ராடின் நுனியில் ஒரு மீன் 1 கிலோ விசையில் செங்குத்தாக இழுத்தால் ஹோல்டரின் அடியில் விழும் முறுக்கு சுமார் 20 நியூட்டன் மீட்டர். இரண்டு பட்டை மட்டும் சுற்றியிருக்கும் பலகை இதைத் தாங்காது. ட்யூபைச் சுற்றி உருளும். பலகையின் உள்விளிம்பிலிருந்து அருகிலுள்ள டி வளையத்துக்கு மூன்றாவதாக ஒரு குட்டைப் பட்டை கட்டுங்கள். உருளல் நிற்கும். ராடு ஹோல்டரில் இருக்கும் நேரத்தில் ரீலின் டிராக்கை (லைன் வெளியே ஓடத் தொடங்கும் இழுவை அளவை) அரைக் கிலோவுக்குத் தளர்த்தி வையுங்கள். கையில் எடுத்ததும் இறுக்கிக்கொள்ளலாம். கூடவே ஒரு மீட்டர் நீளப் பாதுகாப்புக் கயிறு, ராடு பக்கம் ஒரு வெல்க்ரோ வளையம், மறுபக்கம் பலகையில். அது தொய்ந்து காலருகே தொங்கக் கூடாது என்பதால் சுருள் கயிறாக இருப்பது நல்லது.

பின் ஹோல்டருக்கு இவ்வளவு பாடு இல்லை. 30 செ.மீ. பைப் ஒன்றை முதுகுச் சாய்மானத்தின் பக்கத்தில் இரண்டு வெல்க்ரோ பட்டையால் கட்டினால் போதும். அடியில் நடுவே 8 மி.மீ. துளை போட்ட எண்டு கேப்.

ஃபிஷ் ஃபைண்டர்

திரையைப் பலகையில் மாட்டுவது எளிது. தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் டிரான்ஸ்டூசரை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபின் உதைக்கும்போது குமிழிகள் எழும். குமிழி டிரான்ஸ்டூசரின் முகத்தில் படிந்தால் திரை முழுக்கப் புள்ளிமழை. அது மட்டுமல்ல, வழக்கமான 20 டிகிரி ஒலிக்கூம்பு ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலான விட்டத்தைப் பார்க்கும்: 3 மீட்டரில் ஒரு மீட்டர், 6 மீட்டரில் இரண்டு மீட்டர். டிரான்ஸ்டூசர் கால்களுக்கு நடுவே இருந்தால் அந்தக் கூம்புக்குள் முதலில் தெரியும் பெரிய மீன்கள் உங்கள் சொந்தக் கால்கள். எனவே இடம் ட்யூபின் வெளிப்பக்கம், இடுப்புக்கு நேராக.

கைக்கு 20 மி.மீ. பிவிசி பைப் போதும். பலகைக்குக் குறுக்கே, வெளிவிளிம்பைத் தாண்டி 8 செ.மீ. நீளும்படி ஒரு பைப். பலகையை ஒட்டி அதில் ஒரு ‘டீ’ போட்டு, அதன் நடுவாயில் ஒரு குட்டைத் துண்டைச் செருகி, அந்தத் துண்டைக் கிளாம்பால் பலகையோடு பிடியுங்கள். வெளிநுனியில் 90 டிகிரி எல்போ, அதிலிருந்து கீழே இறங்கும் 35 செ.மீ. துண்டு. கிளாம்புக்குள் அந்தக் குட்டைத் துண்டு உருளும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் கை முழுவதும் மேலே தூக்கிக்கொள்ளும். கீழிருக்கும் நிலையில் அதைப் பிடிக்க ஒரு பங்கி கயிறு (இழுபடும் ரப்பர் கயிறு). கல்லில் மோதினால் உடையாமல் மேலெழும், ஆழமில்லாத இடத்தில் நீங்களும் தூக்கிவிடலாம். டிரான்ஸ்டூசரின் முகம் நீர்மட்டத்துக்கு 5 முதல் 8 செ.மீ. கீழே இருக்கும்படி அளவைச் சரிசெய்யுங்கள். பைப்பின் அடியிலும் மேலேயும் 5 மி.மீ. துளை போட மறந்தால், உள்ளே அடைபட்ட காற்று கையை ஓயாமல் மேலே தள்ளும், பங்கி கயிறு தோற்கும். முகம் கிடைமட்டமாக இருக்கிறதா என்று நீங்கள் உட்கார்ந்தபின் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் ட்யூப் மிதக்கும் கோணம் வேறு, ஆள் ஏறிய பின் வேறு.

பேட்டரி: 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி லெட் ஆசிட் என்றால் எடை இரண்டு கிலோவுக்கு மேல். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஏறக்குறைய ஒரு கிலோ. சின்னத் திரை அரை ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே கையில் உள்ளது 7 மணி நேரம். லித்தியத்தில் 11 மணி நேரம் வரை. எடையையும் சேர்த்துப் பார்த்தால் ட்யூபுக்கு லித்தியமே தகும். நேர்முனையிலிருந்து 15 செ.மீ.க்குள் ஃபியூஸ் போடுங்கள்; அளவு கருவியின் கையேட்டில் இருக்கும், சிறிய கருவிகளுக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3 ஆம்பியர். ஃபியூஸ் திரை அருகே இருந்தால், நடுவழியில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் பயன் இல்லை.

ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பா பேட்டரிப் பெட்டியாகும். வயர் நுழைய பக்கவாட்டில், மூடிக்குச் சற்றுக் கீழே ஒரு கேபிள் கிளாண்ட் (வயரைச் சுற்றி நீர் புகாமல் இறுக்கும் மரை மூடி). வெளியே வரும் வயர் முதலில் கீழே இறங்கி, பிறகு மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. மூடிய பெட்டிக்குள் வைத்து லெட் ஆசிட்டைச் சார்ஜ் செய்யாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். பெட்டியின் இடம் இருக்கைக்குப் பின்னால், நடுவில், முடிந்தவரை தாழ்வாக.

நங்கூரம்

ஓடும் தண்ணீரில் ஃப்ளோட் ட்யூபுக்கு நங்கூரம் போடவே கூடாது. நீரோட்டம் கயிறு கட்டிய பக்கத்தைக் கீழே அமுக்கும், ட்யூப் சாயும், ஆள் இருக்கையில் மாட்டியிருக்கிறார். இதற்கு எந்தக் கருவியும் விதிவிலக்கு இல்லை. குளம், ஏரி, அசையாத தண்ணீர் மட்டும்.

அங்கே எடை 1.5 முதல் 2 கிலோ போதும், ஆனால் எந்தப் பொருள் என்பது முக்கியம். பாட்டிலில் கான்கிரீட் ஊற்றிச் செய்யும் நங்கூரம் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. கான்கிரீட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.3 மடங்குதான், 2 கிலோ கான்கிரீட் தண்ணீருக்குள் 1.1 கிலோதான் எடை காட்டும். 2 கிலோ இரும்புச் சங்கிலி 1.7 கிலோவுக்கு மேல் காட்டும். கூடவே சங்கிலி தரையில் படுத்துப் பிடிக்கும், பாட்டில் உருளும். சங்கிலியைப் பழைய சைக்கிள் ட்யூபுக்குள் நுழைத்து இரு முனையையும் கட்டினால் காற்றுப்பைக்கும் ஆபத்தில்லை, சத்தமும் இல்லை.

கயிறு 6 மி.மீ. நைலான் அல்லது பாலியெஸ்டர். நீளம் ஆழத்தைப்போல மூன்று மடங்கு. பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், தளர்ந்த நேரத்தில் மேலே பாம்பாகச் சுருண்டு ஃபின்னையும் லைனையும் தேடிவரும். கட்டும் இடம் முதுகுப்பக்கத்து நடு. அப்போது காற்று முதுகில் வரும், முகம் காற்றோடு நோக்கும், வீச்சும் எளிது, கயிறு கால்களுக்கு எதிர்ப்பக்கம். பக்கவாட்டு டி வளையத்தில் கட்டினால் காற்று அடிக்க அடிக்க ட்யூப் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும். பின்னால் கட்டினால் கை எட்டாதே என்பதற்கு விடை: பின்னால் ஒரு மழமழப்பான வளையம் மட்டும்; கயிறு அதன் வழியாக ஓடி இடுப்பருகே பலகையில் இருக்கும் ஜாம் கிளீட்டுக்கு (முடிச்சில்லாமல் கயிற்றைக் கவ்வும் பிடிக்கு) வரட்டும். கயிற்றின் கைமுனையில் முடிச்சு போடாதீர்கள். மேலே தூக்கினால் கிளீட்டிலிருந்து விடுபட்டு, வளையம் வழியாக முழுக்க ஓடிப்போய்விட வேண்டும். நங்கூரம் போனால் போகட்டும். முனையில் முடிச்சுக்குப் பதில், வளையத்துக்குள் நுழையக்கூடிய மெல்லிய ஃபோம் துண்டைச் சுற்றி வைத்தால் பிறகு மிதப்பதைத் தேடி எடுக்கலாம்.

காற்றில் மெதுவாக நகர்ந்தபடி மீன்பிடிக்க விரும்பினால் நங்கூரத்தைவிட, தண்ணீரில் இழுபட்டு வேகத்தைக் குறைக்கும் நீர்ப்பை உத்தமம்: 50 செ.மீ. வாய், 10 செ.மீ. வால் துளை உள்ள நைலான் கூம்பு, அதே பின்வளையத்தில்.

மற்றவை

மடிமேல் விரிக்கும் ஏப்ரனை வலைத்துணியில் செய்யுங்கள், தண்ணீர் வடியும். அளவுகோல் கோடுகளைத் துணி இழுத்துக் கட்டியிருக்கும் நிலையில் வரையுங்கள். மேசையில் வரைந்தால் ட்யூபில் மீன் ஒரு அங்குலம் சின்னதாகிவிடும். இரு பக்கமும் ஒரு கையால் அழுத்தினால் கழலும் கிளிப்.

ஹூக், லூர் (செயற்கை இரை) குத்திவைக்க 20 மி.மீ. ஃபோம் கட்டி, அடியில் 2 மி.மீ. கடின பிளாஸ்டிக் தகடு. தகடு இல்லாத ஃபோமில் அழுத்திக் குத்தும் ஹூக் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. கைவலையின் பிடியில் பைப் காப்பு ஃபோம் சுற்றினால் விழுந்தாலும் மிதக்கும். முள் உள்ள மீன்களை ட்யூபின் பக்கத்தில் கோர்த்துத் தொங்கவிடாதீர்கள். கெளுத்தியின் முதுகுமுள் நைலான் உறையைத் தயங்காமல் துளைக்கும். கப் ஹோல்டர் கேட்பவர்களுக்கு: பழைய குளிர்பானக் காப்பு உறையை ஒரு வெல்க்ரோவில் கட்டிக்கொள்ளுங்கள், அதற்காகப் பலகையில் இடம் செலவழிக்காதீர்கள்.

இருக்கையை உயர்த்த நினைப்பவர்கள் மூடிய செல் ஃபோம் 5 செ.மீ. வரை வைக்கலாம். வீச்சு எளிதாகும், உடம்பு குறைவாக நனையும். அதற்குமேல் உயர்த்தினால் ஈர்ப்பு மையம் ஏறும், ஃபின்னும் மேல்தண்ணீரைத்தான் கலக்கும்.

கூடுதல் டி வளையம் வேண்டுமென்றால் உறையின் வகையைப் பாருங்கள். நைலான் உறை என்றால், காற்றுப்பையை முழுக்க வெளியே எடுத்தபின்தான் ஊசி. பாலியெஸ்டர் நூலில் சதுரமும் குறுக்கே பெருக்கல் குறியும் தைத்து, உட்பக்க முடிச்சுகளின்மேல் ஒரு துணி ஒட்டுப்போடுங்கள். முடிச்சு பையை உரசும். முழு பிவிசி ட்யூப் என்றால் இரு பாகப் பாலியூரித்தேன் பசை: பரப்பைத் துடைத்து, 220 உப்புத்தாளில் மந்தமாக்கி, இரு பக்கமும் மெல்லிய பூச்சு இரண்டு, கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்தம், பிறகு ஒரு முழு நாள் தொடாமல் இருப்பது. ஹாட் க்ளூவும் நொடிப் பசையும் இங்கே பயன்படாது. ஒன்று வெயிலில் இளகும், மற்றது மடியும் இடத்தில் நொறுங்கும்.

தண்ணீரில் சோதனை

எல்லாம் மாட்டியபின் மொத்த எடையைக் கூட்டுங்கள்: உங்கள் எடை, நனைந்த உடை, கருவிகள், பேட்டரி, நங்கூரம். ட்யூபில் எழுதியிருக்கும் தாங்கு எடையில் 80 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. பிறகு இடுப்பளவு தண்ணீரில், அருகில் ஒருவர் நிற்க, உட்கார்ந்து பாருங்கள். இரு பக்கமும் நீர்மட்டம் தொடும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். வித்தியாசம் 2 செ.மீ.க்கு மேல் என்றால் பேட்டரியையோ பலகையையோ நகர்த்துங்கள். எடையைச் சமன் செய்ய இன்னொரு எடை கட்டுவது கெட்ட வழக்கம்.

அடுத்து இறங்கும் ஒத்திகை. இரண்டு ராடும் இடத்தில், ஏப்ரன் மாட்டியபடி, நங்கூரம் போட்டபடி, ஒரே கையால் எல்லாவற்றையும் விடுவித்து முன்பக்கமாக வெளியே வாருங்கள். பத்து நொடிக்குள் வர முடியாவிட்டால் எது தடுத்தது என்று பார்த்து அதைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஏப்ரன் கிளிப்பாகவோ ராடின் பாதுகாப்புக் கயிறாகவோ இருக்கும். இதையே கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டைகளைக் கழற்றி ட்யூபையும் பலகையின் அடியையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பட்டைக்கும் உறைக்கும் நடுவே சிக்கிய மணல் உப்புத்தாள் வேலை செய்யும். உலர்ந்தபின் பட்டை ஓடிய தடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்றடித்த நிலையில் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வையுங்கள்.